நுனியும் தாங்கியும்

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மேடம். பதில் தெரிஞ்சதும் மலை இறங்கிப் போயிடுவேன்” என்றார் இருளப்பன்.

ஹிதாயா தரையில் சாக்கை விரித்துப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை எண்ணெய்.

“சொல்லுங்க சார்.”

இருளப்பன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

“கையெல்லாம் பால். நீங்களே படிங்க.”

அவர் நின்றபடியே படித்தார்.

“முதல் வரி, ஒண்ணு. அடுத்த வரி, ஒண்ணு ஒண்ணு. அதுக்கடுத்தது, ஒண்ணு நாலு ஒண்ணு. அப்புறம், ஒண்ணு பதினொண்ணு பதினொண்ணு ஒண்ணு.”

“அப்புறம்?”

“ஒண்ணு, இருபத்தாறு, அறுபத்தாறு, இருபத்தாறு, ஒண்ணு. எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் ஒரே மாதிரி இருக்கு. எவ்வளவு தூரம் போனாலும் அப்படித்தான்.”

“நிரூபிச்சிட்டீங்களா?”

“நிரூபிச்சிட்டேன். ஒவ்வொரு படியும் சரியா இருக்கு. சரின்னு தெரியுது. ஏன்னு தெரியல.”

ஹிதாயா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காருங்க” என்றார்.



இருளப்பன் பரமக்குடிப் பக்கத்துக்காரர். பாலிடெக்னிக் ஒன்றில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர்.

வேலையில் இருந்தபோது ஒருநாள், வகுப்பில் முடிவில்லாத தொடர் ஒன்றின் கூட்டுத்தொகையை எழுதினார். அதை வகையிட்டு எக்ஸால் பெருக்கினார். வந்ததை மறுபடி வகையிட்டார், மறுபடி பெருக்கினார். ஒவ்வொரு தடவையும் பின்னத்தின் மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை வந்து நின்றது. அந்தக் கோவைகளின் கெழுக்கள்தான் அந்த எண்கள்.

சாக்பீஸும் கையுமாகத் திகைத்துப்போய்த் திரும்பினார்.

“பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

கடைசி வரிசையில் ஒருவன் கை தூக்கினான். “இது பரீட்சைக்கு வருமா சார்?”

“வராது.”

வகுப்பே பேனாவை மூடி வைத்தது.

அன்றைக்கு அவருக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. ஓய்வு பெறும் நாள் வரை பாடத்தை மட்டும் நடத்தினார். எண்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஹிதாயாவைப் பற்றி அவருக்குச் சொன்னது யாரோ ஒரு நண்பர். அந்தம்மா காயல்பட்டினத்துக்காரர். வயதில் இருளப்பனைவிட நிறையவே சின்னவர். மரங்களை எண்ணுவதில் பேர் வாங்கியவர். தோப்பில் நிற்கிற மரங்கள் அல்ல, புள்ளியும் கோடுமாகத் தாளில் வளர்கிற மரங்கள். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, சிறுமலையில் ஒரு பழைய காப்பித் தோட்ட வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். கணக்கின்மேல் ஆசை உள்ள யாரும் அங்கே போய் இருக்கலாம் என்று சொன்னார்கள்.



“இந்த வீட்டுல ஒரே ஒரு வழக்கம்தான்” என்றார் ஹிதாயா. “புதுசா வர்றவங்க, ஏற்கெனவே இருக்கிற ஒருத்தர் பக்கத்துல உக்காரணும். அவர்கிட்டதான் கத்துக்கணும். யார்ங்கிறதை வர்றவங்களே முடிவு பண்ணலாம்.”

“யார் யார் இருக்காங்க?”

“நான் இருக்கேன். லாரன்ஸ் அண்ணன் என் பக்கத்துல. தேன்மொழி டீச்சர் அண்ணன் பக்கத்துல.”

“அப்ப நான் உங்க பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்.”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. லாரன்ஸ் பாத்திரத்தோடு வெளியே வந்தார். தூத்துக்குடிக்காரர். கப்பலில் இன்ஜின் பார்த்தவர்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ” என்றார் அவர். “டீச்சர் ஒருத்தர்தான் ஏமாந்து எங்கிட்ட வந்தாவ.”

இருளப்பன் சிரிக்கவில்லை.

“ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன் மேடம். நான் இனிமே யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்க மாட்டேன். வாழ்நாள் பூரா சுவத்துக்கிட்டப் பேசியாச்சு.”

“சரி.”

“அப்புறம் கட்டாயப்படுத்தக் கூடாது.”

“சுளை சாப்பிடுங்க” என்றார் ஹிதாயா.

சுளை நன்றாக இருந்தது.



மறுநாள் காலையில் இருளப்பன் கேட்டார். “என் கேள்விக்கு எப்ப வருவோம்?”

ஹிதாயா கூடையிலிருந்து இரண்டு பலாக்கொட்டைகளை எடுத்தார். ஒன்றின்மேல் பேனாவால் ‘1’ என்று எழுதினார். மற்றதன்மேல் ‘2’. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈர்க்குச்சியை வைத்தார்.

“ஒண்ணு முதல்ல வந்தது. ரெண்டு வந்து அதோட ஒட்டிக்கிச்சு. இப்ப மூணாவது வருது. எங்க ஒட்டும்?”

“ஒண்ணோட ஒட்டலாம். இல்லாட்டி ரெண்டோட ஒட்டலாம்.”

“ரெண்டையும் செஞ்சு பாருங்க. அப்புறம் நாலாவதைக் கூப்பிடுங்க.”

கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்.

இருளப்பனுக்குக் கோபம் வந்தது. அத்தனை தூரம் பஸ் ஏறி வந்தது கொட்டை அடுக்கவா? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அடுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு குரங்கு வந்து, ஒரு மரத்தின் முதல் கொட்டையையே தூக்கிக்கொண்டு ஓடியது. அதற்குப் பதில் வேறொன்றை எழுதி வைத்தார்.

ஹிதாயா ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

“ஆறு மரம் வருது” என்றார் இருளப்பன். “மூணாவதுக்கு ரெண்டு வழி, நாலாவதுக்கு மூணு வழி. ரெண்டு மூணு ஆறு. இதுல என்ன இருக்கு?”

“ஒவ்வொண்ணுலயும் நுனி எத்தனை?”

“எது நுனி?”

“தன்மேல புதுசா எதுவும் வந்து ஒட்டாதது.”

இருளப்பன் குனிந்து எண்ணினார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்ற மரத்துக்கு ஒரே நுனி. எல்லாம் முதல் கொட்டையைச் சுற்றி நின்ற மரத்துக்கு மூன்று நுனி. மிச்சம் நான்கு மரங்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி.

ஒரு நுனி உள்ளது ஒன்று. இரண்டு நுனி உள்ளவை நான்கு. மூன்று நுனி உள்ளது ஒன்று.

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு, நாலு, ஒண்ணு” என்றார்.

ஹிதாயா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.



அடுத்த வரிக்குக் கொட்டை பத்தவில்லை. இருளப்பன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். காப்பிப்பழம் உலர்த்துகிற பெரிய சிமென்ட் களம் அங்கே காலியாகக் கிடந்தது.

ஐந்து புள்ளி மரங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். இருபத்து நான்கு மரங்கள் வந்தன. ஒவ்வொன்றின் நுனிகளையும் எண்ணினார். ஒரு நுனி உள்ளது ஒன்று. இரண்டு நுனி உள்ளவை பதினொன்று. மூன்று நுனி உள்ளவை பதினொன்று. நான்கு நுனி உள்ளது ஒன்று.

களத்தின் நடுவில் வெயிலில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

“லாரன்ஸ் அண்ணே! என் கோவை, மரங்களை எண்ணுது!”

லாரன்ஸும் தேன்மொழி டீச்சரும் ஓடி வந்தார்கள். இருளப்பனின் வேட்டி, முழங்கை, மீசை எல்லாம் சாக்பீஸ்.

“எக்ஸோட அடுக்கு இருக்குல்ல, அது நுனி எத்தனைன்னு சொல்லுது. முன்னாடி நிக்கிற கெழு, அந்த மாதிரி மரம் எத்தனைன்னு சொல்லுது. இத்தனை வருஷமா நான் வகையிட்டுக்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு உள்ள உக்காந்து மரம் எண்ணிக்கிட்டு இருந்திருக்கு!”

“அழகா இருக்கு சார்” என்றார் தேன்மொழி டீச்சர். அவர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. நீண்ட விடுப்பில் வந்திருந்தார். அழகு என்ற வார்த்தையை அவர் எளிதில் சொல்வதில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது இருளப்பன் கேட்டார்.

“மேடம், இது யாருக்காவது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார். ரொம்பப் பழசு. நிறையப் பேர் கண்டுபிடிச்சிருக்காங்க.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“அப்ப நான்?”

“நீங்களும் கண்டுபிடிச்சீங்க.”

ஹிதாயா அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். இருளப்பன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். பலாக்கொட்டைக் குழம்பு. குரங்கு விட்டுவைத்தவை.



ஆனால் கேள்வி அப்படியேதான் இருந்தது.

“என்ன எண்ணுதுன்னு தெரிஞ்சிடுச்சு. ஏன் ரெண்டு பக்கமும் சமமா இருக்கு?” என்று கேட்டார்.

ஹிதாயா ஒரு மரத்தைக் கொட்டைகளால் அடுக்கச் சொன்னார். ஐந்து கொட்டைகள். இரண்டு நுனிகள்.

“நுனியை எல்லாம் எடுத்து இடது கையில வச்சுக்குங்க. மிச்சத்தை வலது கையில.”

வைத்துக்கொண்டார்.

“வலது கையில இருக்கிறது என்ன?”

“நுனி இல்லாதது.”

“தன்மேல ஒட்டுனதைத் தாங்குறது. தாங்கின்னு வச்சுக்குவோம்.”

“நுனி ரெண்டு. தாங்கி மூணு.”

ஹிதாயா அவருடைய இரு கைகளையும் பிடித்துக் குறுக்காக மாற்றி வைத்தார். இடது வலப்பக்கம் போனது. வலது இடப்பக்கம் வந்தது.

“இப்ப?”

“கைதானே மாறுச்சு?”

“ஆமா” என்றார் ஹிதாயா. எழுந்து போய்விட்டார்.

இருளப்பன் குறுக்கே போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தார். பின்பக்கமிருந்து படித்தால் அந்த வரி தாங்கிகளை எண்ணுகிறது என்பது புரிந்தது. இரண்டு நுனி உள்ள மரங்கள் எத்தனையோ, இரண்டு தாங்கி உள்ள மரங்களும் அத்தனை. கேள்வி இன்னும் தெளிவாக ஆனது. பதில் வரவில்லை.

“பேரை மாத்திச் சொல்லிட்டாங்க. காரணத்தைச் சொல்லல” என்று லாரன்ஸிடம் குறைபட்டுக்கொண்டார்.

“எனக்கும் ஒரு விசயத்தை அப்படித்தான் பாதியில விட்டிருக்காவ” என்றார் லாரன்ஸ். “போன மழைக்கு.”

நாட்கள் போயின. களத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஜோடி தேடினார் இருளப்பன். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றை வெட்டி ஒட்டிப் பார்த்தார். சில ஜோடி சேர்ந்தன. சில சேரவில்லை. மழை வந்து எல்லாவற்றையும் அழிக்கும். வெயில் வந்ததும் மறுபடி வரைவார்.

ஊரில் இருந்தபோது சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டால்தான் தூக்கம் வரும். இங்கே மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. பதில் கிடைக்கவில்லையே என்கிற குறை இருந்தது. ஆனால் காலையில் களத்துக்குப் போகும்போது கால் தானாக வேகமாக நடந்தது.



ஒருநாள் காலை பஸ்ஸில் ஓர் அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு பை. பெயர் பத்மாசனி. வேடசந்தூரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகள் பார்க்கிறாளாம்.

“காலேஜ்ல கணக்கு எடுத்திருந்தேன். ரெண்டாவது வருஷத்துல கல்யாணம் பண்ணிட்டாங்க. அப்படியே நின்னுபோச்சு” என்றார். “விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாமான்னு பார்க்க வந்தேன்.”

ஹிதாயா வழக்கத்தைச் சொன்னார்.

பத்மாசனி வீட்டைச் சுற்றி வந்தார். லாரன்ஸும் தேன்மொழி டீச்சரும் ஒரு கணக்கில் மூழ்கியிருந்தார்கள். பின்பக்கம் போனார். களத்தில் ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, போட்ட கோட்டைக் கையால் அழித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்து சொன்னார்.

“பின்னாடி இருக்கிறவர் பக்கத்துல உக்காந்துக்கிறேங்க.”

“ஏன் அவர்?” என்று கேட்டார் ஹிதாயா.

“தெரிஞ்சவங்ககிட்டப் போனா வேகமாப் போயிடுவாங்க. இவர் திணறிக்கிட்டு இருக்கார். நானும் கூட உக்காந்து திணறலாம்.”

ஹிதாயா இருளப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

இருளப்பன் முகம் சுருங்கியது.

“மேடம், நான் அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“தப்பா நினைக்காதீங்கம்மா” என்று பத்மாசனியிடம் திரும்பினார். “உங்கமேல ஒண்ணும் இல்ல. நான் பாடம் எடுக்கிறதை விட்டுட்டேன். எனக்கே ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்கேன். மேடம் இருக்காங்க, அண்ணன் இருக்கார், டீச்சர் இருக்காங்க.”

பத்மாசனி கொஞ்சம் யோசித்தார்.

“பரவாயில்லைங்க. நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடுறேன்.”

“வேற யார்கிட்டயாவது உக்காரலாமே” என்றார் தேன்மொழி டீச்சர்.

“இல்லைங்க டீச்சர். கடையிலயும் அப்படித்தான், கேட்ட மருந்து இல்லைன்னா வேறதைத் தலையில கட்ட மாட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இருளப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஹிதாயாவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரோ பத்மாசனிக்குச் சாப்பாடு போட்டார். மலையில் எலுமிச்சை எப்படிக் காய்த்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்.

இருளப்பன் சாப்பாட்டின் பாதியில் எழுந்து களத்துக்குப் போய்விட்டார்.



பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பத்மாசனி களத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

மரங்களை மிதிக்காமல், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இருளப்பன் பார்க்காதது மாதிரி இருந்தார்.

“ஒண்ணு கேக்கலாங்களா? பாடமா இல்லை, சும்மா.”

“கேளுங்க.”

“இதுவும் அதுவும் ஒரே மரம்தானே? ரெண்டு தடவை போட்டிருக்கீங்களே?”

“ஒண்ணு இல்லம்மா. நம்பரைப் பாருங்க. இதுல மூணு மேல நாலு ஒட்டியிருக்கு. அதுல ரெண்டு மேல நாலு. உருவம் ஒண்ணுதான், வந்து சேர்ந்த விதம் வேற.”

“ஓ. யாரு யாருகிட்ட வந்தாங்கங்கிறது கணக்கா?”

“அதுதான் கணக்கு.”

“இந்த வட்டம் போட்டது?”

“நுனி. அது மேல இன்னும் யாரும் ஒட்டல. வட்டம் போடாதது தாங்கி.”

“எதுக்கு இதெல்லாம்?”

இருளப்பன் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். எண்களைச் சிமென்டில் எழுதினார். எங்கிருந்து வந்தன என்று சொன்னார். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதைக் காட்டினார்.

“எப்பவுமே இப்படியா?”

“எப்பவுமே.”

“ஏன்?”

இருளப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியல” என்றார்.

பத்மாசனி பையைக் களத்தின் ஓரத்தில் வைத்தார். இரண்டு நுனி உள்ள ஐந்து புள்ளி மரம் ஒன்றின் பக்கத்தில் போய், காலியான இடத்தில் நின்றார்.

“நான்தான் ஆறாவதுன்னு வச்சுக்குங்க. நான் எங்க வேணா ஒட்டலாமில்ல?”

“எங்க வேணா.”

அவர் ஒரு நுனியின் பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

“இங்க ஒட்டுனா, இது நுனி இல்லாமப் போயிடும். பாவம்.”

“பாவம் என்னம்மா? அது தாங்கியா ஆயிடும். நீங்க நுனி.”

“அப்ப நுனி எத்தனை?”

“முன்னாடி ரெண்டு. இப்பவும் ரெண்டு. தாங்கி மட்டும் ஒண்ணு கூடும்.”

பத்மாசனி நடுவில் இருந்த ஒரு தாங்கியின் பக்கத்தில் போய் நின்றார்.

“இங்க?”

“அது ஏற்கெனவே தாங்கி. தாங்கியாவே இருக்கும். நீங்க வந்ததால நுனி ஒண்ணு கூடும்.”

“அப்ப நுனியில வந்து ஒட்டுனா தாங்கி கூடுது. தாங்கியில வந்து ஒட்டுனா நுனி கூடுது.” பத்மாசனி சிரித்தார். “என்னங்க இது, ஒண்ணுகிட்டக் கொடுத்தா இன்னொண்ணுக்குப் போய்ச் சேருது.”

இருளப்பன் சட்டென்று நிமிர்ந்தார்.

“நகராதீங்க” என்றார்.

“ஏங்க?”

“அப்படியே நில்லுங்க. தாங்கி கூடுறதுக்கு எத்தனை வழி இருக்கு?”

“நுனி எத்தனையோ அத்தனை.”

“நுனி கூடுறதுக்கு?”

“தாங்கி எத்தனையோ அத்தனை.”

இருளப்பன் அந்த இரண்டையும் களத்தில் எழுதினார்.

*நுனி எத்தனையோ அத்தனை வழியில் தாங்கி கூடும். தாங்கி எத்தனையோ அத்தனை வழியில் நுனி கூடும்.*

எழுதியதைச் சத்தமாகப் படித்தார். பிறகு நுனி என்று வந்த இடத்திலெல்லாம் தாங்கி என்றும், தாங்கி என்று வந்த இடத்திலெல்லாம் நுனி என்றும் மாற்றிப் படித்தார்.

அதே இரண்டு வாக்கியங்கள்தான் வந்தன. முன்னது பின்னால் போயிருந்தது. பின்னது முன்னால் வந்திருந்தது.

“ஆரம்பத்துல?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். “ரெண்டு புள்ளிதான் இருக்கும்போது?”

“ஒரு நுனி, ஒரு தாங்கி” என்றார் பத்மாசனி.

“சமம்.”

“சமம்.”

“ஆரம்பமும் சமம். வளர்ற விதியும் பேரை மாத்தினா மாறல. அப்புறம் எப்படிம்மா ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்? கூடவே முடியாது. குறையவே முடியாது!”

அவர் களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். சாக்பீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் வெள்ளையானது.

“எனக்குச் சரியாப் பிடிபடல” என்றார் பத்மாசனி. “அந்தக் கடைசி இடம். விதி மாறலைன்னா ஏன் எண்ணிக்கை சமமா வரணும்?”

“இங்க வாங்க. அஞ்சு புள்ளி வரைக்கும் போக வேண்டாம். மூணு புள்ளியிலேருந்து பார்ப்போம். நீங்களே போடுங்க.”

சாக்பீஸை ஒடித்துப் பாதியைக் கொடுத்தார்.

பத்மாசனி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மரத்தைத் தப்பாகப் போட்டார். இருளப்பன் அழிக்கவில்லை. ஏன் தப்பு என்று கேட்டார். அவர் யோசித்துச் சொன்னார். அடுத்ததைச் சரியாகப் போட்டார். அதற்கு அடுத்ததில் இருளப்பன் ஒரு நுனியை எண்ணாமல் விட்டார். பத்மாசனி விரலை வைத்துக் காட்டினார்.

“அட, ஆமா” என்றார் இருளப்பன்.

மலைப்பாதையில் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு வளைவு தாண்டி மறுபடி அடித்தது. வீட்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிப் போனது.

இரண்டு பேரும் நான்கு புள்ளி மரங்களில் இருந்தார்கள்.



வெயில் இறங்கியபோது ஹிதாயா உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். களத்தின் ஓரத்தில் நின்றார்.

பத்மாசனி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஓரத்தில் கிடந்த தன் பையைப் பார்த்தார்.

“ஐயோ, பஸ்” என்றார்.

“மேடம், கிடைச்சிடுச்சு” என்றார் இருளப்பன். எழுந்திருக்கக்கூட இல்லை. “ஏன்னு தெரிஞ்சிடுச்சு.”

“அப்ப இறங்கிப் போறீங்களா சார்?”

“இருங்க மேடம், இவங்களுக்கு இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு.”

ஹிதாயா துணி மூட்டையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்.

“இந்த வீட்டுல இப்ப நுனி எத்தனை சார்?”

இருளப்பன் விரல் விட்டு எண்ணினார்.

“ரெண்டு. தேன்மொழி டீச்சர் ஒண்ணு. இந்தம்மா ஒண்ணு.”

“காலையிலயும் ரெண்டுதானே இருந்துச்சு?”

“ஆமா மேடம்” என்றார் இருளப்பன். “காலையில அதுல நான் ஒருத்தன்.”